ஆடு குடித்த மத்திமம்

"டீச்சர், நாலு வருஷமா தண்ணிதான் ஊத்துதேன். நான் எப்பம் வாசிக்கது?"

கேட்டவருக்கு வயது அறுபத்திரண்டு. கேட்கப்பட்டவருக்கு முப்பத்தொன்பது.

கேட்டவர் தேவசகாயம். வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயராக முப்பத்துமூன்று வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். யார் வந்து கெஞ்சினாலும் ஷட்டரை ஓர் அங்குலம் கூடத் தூக்கமாட்டார். யார் வந்து மிரட்டினாலும் ஓர் அங்குலம் கூட இறக்கமாட்டார். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். நேர்மையான மனிதர் என்று ஊரே சொல்லும். அதைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடும்.

கேட்கப்பட்டவர் மங்கையர்க்கரசி. ஜலதரங்கம் வாசிக்கிறவர். பதினாறு பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு மூங்கில் குச்சிகளால் தட்டினால் சுரம் வருமே, அது.

தண்ணீர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அந்தம்மாளுக்குச் சங்கீதம்தான். வீட்டுக் குழாய் சொட்டினால் முதலில் அது என்ன சுரம் என்று கேட்பார். பிறகுதான் பிளம்பரைக் கூப்பிடுவார்.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் வந்து "என்னையும் சேத்துக்கிடுங்க" என்று தேவசகாயம் நின்றபோது, அவர் சிரிக்கவில்லை. "பாடுவியளா?" என்று மட்டும் கேட்டார். சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியதைச் சொன்னார் தேவசகாயம். ஒரு கீர்த்தனை பாடியும் காட்டினார்.

"காது நல்ல காது" என்றார் மங்கையர்க்கரசி. அன்றிலிருந்து பாடம்.

பாடம் ஒரு பக்கம். கச்சேரி என்று வந்துவிட்டால், குருவின் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் பார்த்துக்கொள்வது சிஷ்யரின் வேலை. காற்றடித்தால் தண்ணீர் குறையும், குறைந்தால் சுரம் ஏறும். ஒரு கரண்டி விட்டால் சுரம் இறங்கும். அதை அவரைப்போல் செய்ய ஆளில்லை. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது.

அந்த மனிதர்தான் இன்றைக்குக் கேட்கிறார், எப்போது வாசிப்பது என்று.

"இப்பம் வாசிங்களேன்" என்றார் டீச்சர்.

தேவசகாயம் உட்கார்ந்தார். வாசித்தார். சங்கராபரணம். ஒரு சுரம் பிசகவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

டீச்சர் ஒரு கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு இருக்கா டீச்சர்?"

"இல்ல."

"பொறவு என்ன? நீங்க வாசிச்சா ஆறு ஓடுது. நான் வாசிச்சா கிண்ணந்தான் கேக்கு. எனக்கே தெரியுது. அது என்னன்னு சொல்லுங்க."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"குடிங்க."

குடித்தார்.

"எவ்வளவு குடிச்சிய?"

"நூத்தம்பது மில்லி இருக்கும். நூத்தி அறுவதுக்கு மேல போகாது."

"தாகம் போச்சா?"

தேவசகாயம் விழித்தார். "எனக்குத் தாகமே இல்லியே டீச்சர்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார் டீச்சர்.

அன்றைக்கு முழுக்க அந்த டம்ளரைப் பற்றியே யோசித்தார் தேவசகாயம். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். மனைவி மரியபுஷ்பத்தின் நகப்பூச்சு பாட்டிலை எடுத்து, தம்முடைய பதினாறு கிண்ணங்களுக்கு உள்ளேயும் மெல்லிசாகச் சிவப்புக் கோடு போட்டார். சங்கராபரணத்துக்கு எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் என்று. அணைக்கட்டுச் சுவரில் அளவுகோல் வரைந்திருப்பார்களே, அதே வேலை.

"அது எனக்கு மக அமெரிக்காவுல இருந்து அனுப்புனது" என்றார் மரியபுஷ்பம்.

"சங்கீதத்துக்குத்தான புஷ்பம்."

"நல்லா இருக்கு சங்கீதம். பேசாம கிண்ணத்துக்கு வளையலும் போட்டு விடுங்க."

மறுநாள் கோடு போட்ட கிண்ணங்களைக் கொண்டுபோய் டீச்சர் முன்னால் பரப்பினார். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கோடு ரொம்ப நேர்த்தியாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அழகா போட்டிருக்கிய அண்ணாச்சி."

"இனிமே சுருதி கலையவே கலையாது டீச்சர். கண்ணால பாத்தே நெரப்பிரலாம்."

டீச்சர் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புக் கோட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஒத்தப்பனவிளைல இருந்து கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்காவ. வார ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

"சரி டீச்சர். நான் மூணு மணிக்கே வந்திருதேன். கரண்டி, துண்டு எல்லாம்..."

"நீங்க வாசிங்க. நான் தண்ணி ஊத்துதேன்."

தேவசகாயத்துக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்தபோது, கையிலிருந்த கிண்ணத்தைப் பத்திரமாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் துடைக்கவேண்டிய அவசியம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு வாரம் தூக்கம் இல்லை. ஓர் ஆற்றைத் தாமாகவே கற்பனை செய்து வைத்திருந்தார். மலையில் மூன்று நிமிஷம், அருவியில் நான்கு, சமவெளியில் எட்டு, கடைசியில் கடல். இன்ஜினீயர் இல்லையா, அவருடைய ஆற்றில் ஓர் அணைக்கட்டும் உண்டு. அதற்கு இரண்டரை நிமிஷம். எல்லாம் சங்கராபரணத்தில். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தார்.

"புஷ்பம், இது ஒண்ணுதான் எனக்கு. இந்த வயசுல இன்னொரு மொதக் கச்சேரி யாரு குடுப்பா? சரியா வரலேன்னா கிண்ணத்தப் பரண்ல ஏத்திருவேன். அதுக்கப்பறம் தொடமாட்டேன்."

மரியபுஷ்பம் கேலி செய்ய வாயைத் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் சாமான் ஏற்றும்போது ஒரு தகராறு. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார் தேவசகாயம்.

"இது என்னத்துக்கு?" என்றார் டீச்சர்.

"அங்க தேரிக்காடு டீச்சர். செம்மணல். தண்ணி உப்பா கெடக்கும், கலங்கலா கெடக்கும். நான் கோடு போட்டது இந்தத் தண்ணிக்கு."

"எந்த ஊர்ல வாசிக்கமோ அந்த ஊர்த் தண்ணிதான் கிண்ணத்துக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அது மங்கையர்க்கரசியின் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். வேற்றூர்த் தண்ணீரை ஒருநாளும் கிண்ணத்தில் விட்டதில்லை. வாசித்து முடித்ததும் ஊர்த் தண்ணீர் ஊர்க் குடத்துக்கே திரும்பிப் போய்விடும். காரணம் கேட்டால், "ஊராரு கேக்கணும்லா" என்பார் டீச்சர். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

"டீச்சர், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

"கேன எறக்குங்க அண்ணாச்சி."

இறக்கினார். மிருதங்கக்காரர் வள்ளிநாயகம் வேனுக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, எனக்குக் குடிக்கவாவது ஒரு பாட்டில் பிடிச்சுத் தாங்க" என்றார். தேவசகாயத்துக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஒற்றைப்பனைவிளை பேருக்கேற்ற ஊர், ஒரே ஒரு பனைதான் நின்றது. போகிற வழியெல்லாம் சிவந்த மணல் மேடு. ஊருக்கு நடுவில் அம்மன் கோயில். கோயிலுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டு மேடை. அதில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எதிரே மணலில்தான் ஜனங்கள் உட்காரவேண்டும்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. தண்ணீர் லாரி புதன்கிழமை புதன்கிழமை வரும். இன்றைக்கு ஞாயிறு. கணக்குப் பார்க்கவே வேண்டாம், எல்லா வீட்டிலும் குடத்தின் அடி தெரிகிற நாள்.

தண்ணீரில் வாசிக்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாளாம், அவள் வாசித்தால் மழை வருமாம் என்று யாரோ சொல்லி, அதை நம்பித்தான் கூப்பிட்டிருந்தார்கள். இறங்கியதும் இறங்காததுமாக ஊர்க்காரர் ஒருவர் கேட்டேவிட்டார்.

"மழை வருமாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுய்யா. வாசிக்கேன்னுதான் சொன்னேன். அதுவும் இன்னைக்கு நான் இல்ல, இவுக வாசிக்காவ" என்று தேவசகாயத்தைக் காட்டினார் டீச்சர்.

ஊரே தேவசகாயத்தைப் பார்த்தது. மழை கொண்டுவருகிற முகமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"எவ்வளவு தண்ணி வேணும்?" என்று கேட்டார் ஊர்க்காரர்.

தேவசகாயம் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "ஒரு கொடம் போதும்" என்றார்.

ஒரு குடம் தண்ணீர் ஒரு வீட்டில் கிடைக்கவில்லை. பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி ஒரு செம்பு, ஒருத்தி அரைச் செம்பு, ஒருத்தி ஒரு டம்ளர். எல்லாம் ஒரே குடத்தில் விழுந்தது. செல்லத்தாய் என்று ஒரு அம்மாள் ஒரு செம்பு முழுக்கக் கொண்டுவந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு மடமடவென்று கவிழ்த்துவிட்டுப் போனாள்.

தேவசகாயம் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவர் சொன்னது போலவேதான். பழுப்பாகக் கிடந்தது தண்ணீர்.

கிண்ணங்களில் கோடு வரைக்கும் நிரப்பினார். தட்டினார். ஒரு கிண்ணம் கூடச் சொன்னபடி கேட்கவில்லை. வியர்த்துவிட்டது. கோட்டை மறந்துவிட்டுக் காதை வைத்துத்தான் சேர்க்கவேண்டியிருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பதினாறும் சேர்ந்தன. அந்த மனிதருக்குக் காது நல்ல காது, அதில் சந்தேகமில்லை.

குடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. டீச்சர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சிஷ்யரின் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வெயில் இறங்கியிருந்தது. கச்சேரி ஆரம்பித்தது.

மலை மூன்று நிமிஷம். சரியாக வந்தது. அருவி நான்கு நிமிஷம். வள்ளிநாயகம் மிருதங்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டினார். அதுவும் சரி. சமவெளி. ஜனங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை.

தேவசகாயத்துக்குத் தெரிந்தது. கிண்ணம்தான் கேட்கிறது. ஆறு வரவில்லை.

அணைக்கட்டு வந்தது. அவர் மிகவும் பாடுபட்டுச் சேர்த்த இடம். சரிகமவில் 'ம'வாக வரும் மத்திமத்தில் வந்து நின்று, தேங்கி, அதற்கு மேல் போகாமல் சுற்றிச் சுற்றி வரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மத்திமத்தைத் தட்டினார்.

களக் களக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். நேர் எதிரே ஓர் ஆடு. முன்னங்கால் இரண்டையும் மேடை மேல் வைத்து, கழுத்தை நீட்டி, மத்திமக் கிண்ணத்துக்குள் வாயை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏய்! ஏய்! சூ!"

ஆடு நிமிர்ந்து பார்த்தது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடியும் குனிந்தது.

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். இதுவரைக்கும் கொட்டாவி விட்டவரும் சிரித்தார். தேவசகாயத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான்கு வருஷம். ஒரே ஒரு கச்சேரி. அதில் ஓர் ஆடு. வாசிக்கிற குச்சியையே ஓங்கினார்.

அதற்குள் செல்லத்தாய் ஓடி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவள் சிரிக்கவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"மன்னிச்சிருங்கய்யா. முளையப் பிடுங்கிட்டு வந்திட்டு. நேத்துல இருந்து அதுக்குத் தண்ணி காட்டல."

"ஏம்மா? ஒரு வாய் காட்டிட்டுக் கெட்டிப் போடக்கூடாதா?" என்றார் தேவசகாயம்.

"இன்னைக்குக் காட்ட வச்சிருந்தது ஒரு செம்புதான்யா. அதத்தான் உங்க கொடத்துல ஊத்துனேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

தேவசகாயம் ஓங்கிய குச்சியை இறக்கினார். ஆனால் அவர் முப்பத்துமூன்று வருஷத்து மனிதர் அல்லவா, கை பழக்கத்தில் போய் மத்திமக் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தது. தண்ணீர் குறைந்து சுரம் ஏறியிருந்தது. சங்கராபரணத்து மத்திமமும் இல்லை, அடுத்த மத்திமமும் இல்லை. நடுத்தெருவில் நிற்கிற சுரம்.

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"டீச்சர், ஒரு கரண்டி தண்ணி."

டீச்சர் குடத்துக்குள் கரண்டியை விட்டு நிறைய எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை.

"யாருக்கு அண்ணாச்சி?"

அதட்டலாகக் கேட்கவில்லை. பந்தியில் பரிமாறுகிறவர்கள் கேட்பது போலத்தான் கேட்டார்.

தேவசகாயம் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கையில் கரண்டி. எதிரே திரும்பினார். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்து நின்றது. வயிறு ஒட்டி விலா தெரிந்தது. அதற்குப் பின்னால் செல்லத்தாய். அவளுக்குப் பின்னால் ஊர். டம்ளரும் செம்புமாக வந்து ஊற்றின அதே முகங்கள்.



வள்ளிநாயகம் மிருதங்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்ன தாளம் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு தேவசகாயம் குச்சிகளைக் கீழே வைத்தார். மத்திமக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். முழங்காலிட்டு மேடை ஓரத்துக்கு நகர்ந்து, ஆட்டின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"குடி."

ஆடு குடித்தது.

"அம்மா, கயித்த விடுங்க. குடிக்கட்டும்."

ஆடு இரண்டு மூன்று வாய் குடித்து நிமிர்ந்தது. தேவசகாயம் கிண்ணத்தை ஜமுக்காளத்தில் வைத்துக் குச்சியால் தட்டினார். காதைச் சாய்த்தார்.

அவருக்குத் திடீரென்று தெரிந்துவிட்டது, அந்தச் சுரம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். அந்த ஒரு சுரம் மத்திமம். அது மேலே ஏறிவிட்டால் ராகம் கல்யாணி.

"இன்னும் ஒரு வாய்" என்றார் ஆட்டிடம்.

ஆடு குடித்தது. தட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தாயி. பக்கத்துல வந்துட்ட."

"அண்ணாச்சி, ஆடு சுருதி சேக்கு!" என்றார் வள்ளிநாயகம். இந்தத் தடவை ஜனங்கள் சிரித்தபோது தேவசகாயமும் சிரித்தார். கண்ணாடி மூக்கில் இறங்கி, முழங்காலில் செம்மண் ஒட்டி, ஓர் ஆட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார். ஷட்டர் பக்கம் அவரைப் பார்த்தவர்கள் யாராவது இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஆடு நாக்கால் ஒரு நக்கு நக்கியது. தட்டினார்.

சுரம் போய் நின்றது. பிசிறே இல்லை. வள்ளிநாயகம் "ஆகா" என்றார்.

ஆனால் கிண்ண வரிசையில் மேல் ஸ்தாயிக்கு இன்னொரு மத்திமம் உண்டு. வலது பக்கத்தில் சின்னக் கிண்ணம். அதுவும் ஏறவேண்டும். கரண்டியால் கொஞ்சம் எடுத்துவிடலாம். கரண்டி டீச்சர் கையில் இருந்தது. தேவசகாயம் கேட்கவில்லை.

சின்னக் கிண்ணத்தை எடுத்துச் செல்லத்தாயிடம் நீட்டினார்.

"இது நீங்க குடிங்கம்மா."

"ஐயோ, நான் எதுக்குய்யா? கச்சேரிக் கிண்ணம்லா?"

"உங்க தண்ணிதான. குடிங்க."

செல்லத்தாய் சுற்றிலும் பார்த்தாள். டீச்சர் தலையை அசைத்தார். கிண்ணத்தை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஒரு மடக்கு விட்டுக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது. முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"போதுமாய்யா?"

தேவசகாயம் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டு எப்படிய்யா குடிக்கது?"

"உங்க இஷ்டம்போல குடிங்க. நான் சொல்லுதேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குடித்ததில் கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. தேவசகாயம் கிண்ணத்தை வாங்கி அதன் இடத்தில் வைத்தார். கீழ் மத்திமத்தையும் மேல் மத்திமத்தையும் ஒன்றாகத் தட்டினார். இரண்டும் கை கோத்துக்கொண்டு எழுந்தன.

அப்புறம் அவர் வாசித்தார்.

எதை வாசித்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மூன்று நிமிஷமா நான்கு நிமிஷமா என்று பார்க்க அங்கே கடிகாரம் இல்லை. அணைக்கட்டை விட்டு ஆறு எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை. யார் வீட்டு வாசலுக்கோ போயிற்று. திரும்பி வந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கிக் கொஞ்சம் நின்று, அங்கே யாரோ கூப்பிட்டது போல மறுபடி கிளம்பியது. கலங்கலாகத்தான் இருந்தது. உப்பும் இருந்தது. ஆனால் ஓடியது.

கொட்டாவி விட்டவர் மணலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வானத்தைப் பார்த்தவள் வானத்தை மறந்துவிட்டாள். மழை வருமா என்று கேட்டவர், வாயைத் திறந்தபடி, வேறு எதையும் கேட்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மழை வரவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை லாரிதான் வந்தது.

தேவசகாயத்துக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் அப்படியே விட்டுவிட்டு வாசித்தார். அந்தச் சந்தோஷத்தை உடனே ஒருவரிடம் காட்டவேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் அங்கே இல்லை.

குடம் மட்டும் இருந்தது. அதுவும் காலி. கரண்டி ஜமுக்காளத்தில் கிடந்தது.

 நான்கு வருஷத்தில் தேவசகாயம் ஒரு கச்சேரியில் கூடத் தம் இடத்தை விட்டு எழுந்ததில்லை. தண்ணீர் பார்க்க ஆள் இல்லாமல் இதை வாசிப்பது எப்படி? கை ஓடிக்கொண்டிருந்தது, கண் தேடியது.

எதிரே, மணலில், ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் மங்கையர்க்கரசி. ஒரு பக்கம் செல்லத்தாய். இன்னொரு பக்கம் அந்த ஆடு, ஒரு பெரிய சட்டியில் தலையை விட்டுக்கொண்டு. டீச்சர் ஒரு கையால் ஆட்டின் கயிற்றைப் பிடித்திருந்தார். மறு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"டீச்சர்!" என்றார் தேவசகாயம், வாசிப்பை நிறுத்தாமலே. "இங்கன பின்னால யாரும் இல்லியே!"

"ஆமா."

"சுருதி கலைஞ்சுட்டுன்னா?"

"கலையட்டும்."

"அப்பம் நீங்க அங்கன என்ன செய்யுதிய?"

மங்கையர்க்கரசி தாளத்தை விடாமல் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கச்சேரி கேக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. பேசாம வாசிங்க."